மீட்டர் முன்னால் நின்ற இரவு

எங்கள் வீட்டில் யாரும் ஊதாரி இல்லை. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் முதலில் பார்ப்பவர் அணைத்துவிடுவார். பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்கும் பழக்கம் குழந்தைகளுக்குக்கூடக் கிடையாது. சார்ஜரைக் கழற்றி வையுங்கள் என்று நானே எத்தனையோ முறை சத்தம் போட்டிருக்கிறேன். அப்படியும் மின் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் ஏறிக்கொண்டேதான் போயின. விலை ஏறிவிட்டது, அதனால்தான் என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமாதானத்தைக் கலைத்தவள் என் மகள். பள்ளியில் வீட்டு மின்சாரத்தைப் பற்றி ஏதோ எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் இரவு சாப்பிட்டு முடித்து எல்லோரும் படுக்கப் போகும் நேரம் மீட்டர் பெட்டி முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“எல்லாத்தையும் அணைச்சாச்சும்மா. அப்புறம் ஏன் இது இன்னும் மின்னுது?”

மீட்டரின் முகத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். மின்சாரம் ஓட ஓட அது விட்டு விட்டு மின்னும். எத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட் என்பது பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. பழைய சுழல் தட்டு மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு மின்னலுக்குப் பதில் சுற்று. அதிலும் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று எழுதியிருக்கும். பெட்டியைத் திறக்க வேண்டாம், எதையும் தொட வேண்டாம். நின்று பார்த்தால் போதும்.

ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் கணக்கைக் குழப்பும் என்று அதன் பிளக்கைப் பத்து நிமிடம் மட்டும் கழற்றினோம். மின்விசிறி, விளக்கு எல்லாம் அணைந்திருந்தன. செல்போனில் நொடி எண்ணினோம். இருபது நொடிக்கு ஒரு மின்னல். அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் 180 மின்னல். 180-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.056 யூனிட், அதாவது 56 வாட்ஸ். எதுவுமே ஓடாத வீட்டில் இரவும் பகலும் 56 வாட்ஸ் போய்க்கொண்டிருக்கிறது. நாளுக்கு 1.35 யூனிட், மாதத்துக்கு 40 யூனிட்.

அன்றைக்கு யாருக்கும் தூக்கம் வரவில்லை. கணவர் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்க, நான் நொடி எண்ண, மகள் எழுதிக்கொண்டாள். டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே நீட்டிப்புப் பலகையில் இருந்தன. அதைக் கழற்றியதும் இருபது நொடி முப்பது நொடி ஆனது. கம்ப்யூட்டர் மேசையில் திரை, பிரிண்டர், யுபிஎஸ். அதைக் கழற்றியதும் முப்பது, அறுபது ஆனது. நான் இத்தனை வருடம் கத்திக்கொண்டிருந்த சார்ஜர்களை எல்லாம் கழற்றினோம். ஒரு நொடிகூட மாறவில்லை. போன் மாட்டாமல் வெறுமே சொருகிக் கிடக்கும் இன்றைய சார்ஜர் பெரும்பாலும் அரை வாட்ஸைக்கூட எட்டாது. செட்டாப் பாக்ஸோ ரிமோட்டில் அணைத்த பிறகும் ஓடும்போது இழுப்பதற்குக் கிட்டத்தட்டப் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், கதகதப்பாக இருந்தது. எந்தப் பொருள் அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் சூடாக இருக்கிறதோ, அது மின்சாரம் தின்கிறது. இதற்குக் கருவியே வேண்டாம், கை போதும்.

டிவி இருக்கும் இடத்திலும் கம்ப்யூட்டர் மேசையிலும் ஸ்விட்ச் வைத்த நீட்டிப்புப் பலகை மாட்டி, கை எட்டுகிற உயரத்தில் வைத்தோம். இது முக்கியம். சோபாவுக்குப் பின்னால் குனிந்து அணைக்க வேண்டியிருந்தால் மூன்றாம் நாள் யாரும் அணைக்க மாட்டார்கள். இப்போது படுக்கப் போகும்போதும் வெளியே கிளம்பும்போதும் இரண்டு ஸ்விட்ச். மாதத்துக்குப் பதினெட்டு யூனிட் அளவுக்கு இதிலேயே மிச்சமாகிறது. வைஃபை ரூட்டரை விட்டுவிட்டோம், எல்லோருக்கும் தேவைப்படுகிறது.

மின்சாரத்துக்கு இப்படி என்றால் தண்ணீருக்கு? மறுநாள் இரவு 10.45-க்கு, எல்லோரும் படுத்த பிறகு தண்ணீர் மீட்டரைப் படித்து எழுதி வைத்தேன். ராத்திரி யாராவது கழிப்பறைக்குப் போனால் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. யாரும் எழுந்திருக்கவில்லை. காலை 5.45-க்குப் போய்ப் பார்த்தால் 84 லிட்டர் ஓடியிருக்கிறது. யாருமே தொடாமல் ஏழு மணி நேரத்தில் 84 லிட்டர்! மணிக்குப் பன்னிரண்டு, நாளுக்கு 288. ஒரு ஆள் ஒரு நாளைக்குப் புழங்குகிற தண்ணீரைவிட அதிகம். வீட்டில் கூடுதலாக ஓர் ஆள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து குளித்துக் குடித்துக்கொண்டிருந்த மாதிரி.

எங்கே போகிறது என்று தேடினோம். சமையலறைக் குழாய் சொட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதன் அடியில் ஒரு டம்ளரை வைத்தேன். 200 மில்லி நிரம்பப் பதினைந்து நிமிடம் ஆனது. அப்படியானால் நாளுக்கு 19 லிட்டர், வருடத்துக்கு ஏழாயிரம் லிட்டர். குழாய்க்குள் இருக்கும் வாஷரை மாற்றியதும் நின்றுவிட்டது. அரை மணி நேர வேலை, அதை இரண்டு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறோம். ஆனால் 288-இல் 19 போனாலும் மீதி 269 லிட்டர் எங்கே?

கழிப்பறையில்தான். ஃபிளஷ் டேங்கின் மூடியைத் திறந்து, சமையலுக்குப் பயன்படுத்தும் சிவப்புச் சாயத்தில் ஏழெட்டுச் சொட்டு விட்டோம். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டினாள் மகள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கோப்பையின் பின்சுவரில் ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய கோடு இறங்கியிருந்தது. தண்ணீர் தாளைவிட மெல்லியதாக, சத்தமே இல்லாமல் வழிந்துகொண்டிருந்தது. சாயம் மட்டும் இல்லையென்றால் இன்னும் பத்து வருடம் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

டேங்கின் அடியில் ஓட்டையை மூடும் ரப்பர் மூடி ஒன்று உண்டு. தண்ணீர் வரும் வால்வை அடைத்து, டேங்கைக் காலி செய்து அதைக் கழற்றினேன். விரலெல்லாம் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. ரப்பர் வயதானால் அப்படித்தான் கரைய ஆரம்பிக்கும். ஓரம் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. அது உட்காரும் வளையத்தில் சுண்ணாம்புப் படிவு சொரசொரவென்று இருந்தது. அதை வினிகர் நனைத்த துணியால் துடைத்தேன். பழைய மூடியையே கடைக்கு எடுத்துப் போய், அதே அளவில் புதிது வாங்கி மாட்டினேன். அன்றிரவு மறுபடி சாயம் விட்டேன். காலைவரை கோப்பை வெள்ளையாகவே இருந்தது.

வீட்டில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இந்தச் சாயச் சோதனையைச் செய்யுங்கள் என்றுதான் யாரிடமும் சொல்வேன். தண்ணீர் மீட்டர் இல்லாதவர்கள் மொட்டைமாடித் தொட்டியின் மட்டத்தை இரவு ஒரு தடவை, காலை ஒரு தடவை குச்சி விட்டு அளந்தாலும் கசிவு தெரிந்துவிடும். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய எட்டு லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து அளக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபிளஷ் டேங்கில் இன்னொன்றும் முயன்றோம். டேங்குக்குள் செங்கல் போட்டால் தண்ணீர் மிச்சமாகும் என்று யாரோ சொன்னார்கள். செங்கல் ஊறி உதிர்ந்து, துகள் போய் ரப்பர் மூடியின் அடியில் மாட்டிக்கொள்ளும். கசிவை நாமே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி. அதனால் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை இறுக மூடி ஓரமாக நிறுத்தினோம். ஒவ்வொரு ஃபிளஷிலும் ஒரு லிட்டர் மிச்சம். ஆசைப்பட்டு இரண்டாவது பாட்டிலையும் வைத்தபோது ஒரே தடவையில் சுத்தமாகாமல் இரண்டு தடவை அழுத்த வேண்டி வந்தது. அதை எடுத்துவிட்டோம். எங்கள் டேங்குக்கு ஒரு பாட்டில்தான் அளவு. அரை ஃபிளஷ், முழு ஃபிளஷ் என்று இரண்டு பொத்தான் உள்ள டேங்க் இருந்தால் பாட்டிலே தேவையில்லை, எந்தப் பொத்தான் எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் சரி.

அடுத்துச் சுடுதண்ணீர். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டு மின்சாரத்தில் பெரிய பங்கு இதில்தான் போயிருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். எந்தக் கருவியில் சூடாக்கினாலும் இதைவிடக் குறைவான வெப்பத்தில் தண்ணீர் சூடாகாது. 20 லிட்டர் வாளித் தண்ணீரை 15 டிகிரி ஏற்றினால் கிட்டத்தட்ட 350 வாட்-மணி, 0.35 யூனிட். 9 வாட்ஸ் எல்இடி பல்பு ஒன்று அதே மின்சாரத்தில் கிட்டத்தட்ட 39 மணி நேரம் எரியும். ஒரு வாளி வெந்நீர் ஒன்றரை நாள் வெளிச்சத்துக்குச் சமம் என்று தெரிந்த பிறகு, மறந்துபோய் எரியும் ஒரு பல்புக்காகக் குழந்தைகளைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஷவரை அளந்தோம். அதன் அடியில் 10 லிட்டர் வாளியை வைத்தால் 65 நொடியில் நிரம்பியது. எட்டு நிமிடம் நின்று குளித்தால் 74 லிட்டர். சூடாக்க 1.3 யூனிட். மாமியார் வாளியில்தான் குளிப்பார். அவருக்கு 20 லிட்டர் தாராளம். ஒரே குளியல், கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம்.

“அப்போ இனிமே ஷவரே கிடையாதா?” என்று மகள் முகத்தைத் தொங்கப் போட்டாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் கேட்டிருப்பார்கள், அப்புறம் பழையபடி ஆகியிருக்கும். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் விடுகிற ஷவர் தலையை மாட்டினோம். சோப்புப் போடும்போது மூடி விட வேண்டும் என்பது மட்டும்தான் விதி. தண்ணீர் உண்மையிலேயே ஓடுவது மூன்று நிமிடம், 18 லிட்டர். வாளிக் குளியலுக்கே சமமாகிவிட்டது. யாருக்கும் எதையும் இழந்த மாதிரி இல்லை.

கீஸரிலிருந்து குழாய்வரை நீளமாகப் போகும் பைப்பில் ஆறிப்போன தண்ணீர் நிற்கும். வெந்நீர் வருகிறவரை அதைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம். அதை இப்போது ஒரு சின்ன வாளியில் பிடிக்கிறோம், ஒரு தடவைக்கு மூன்று லிட்டர். ஒருவர் பின் ஒருவராக உடனே குளித்துவிட்டால் பைப் ஆறுவதற்குள் அடுத்தவர் முடித்துவிடலாம். கடைசி ஆள் கீஸரை அணைத்துவிட்டு வர வேண்டும். மாமியாரின் வெந்நீரில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. மூட்டு வலிக்காரர், அவருக்கு வேண்டிய சூட்டில் வேண்டிய அளவு வைத்துக்கொள்ளட்டும். ராத்திரி அவர் எழுந்து நடக்க வைத்திருக்கும் விளக்கும் அப்படித்தான். வயதானவர் இருட்டில் தடுக்கி விழுந்தால் அதற்கு ஆகும் செலவை எந்த யூனிட்டாலும் ஈடுகட்ட முடியாது.

சூடு என்றாலே மின்சாரமோ எரிவாயுவோ நிறையப் போகும் என்பது புரிந்துவிட்டால் மற்ற இடங்களும் தானாகத் தெரிய ஆரம்பிக்கும். வாஷிங் மெஷினில் வெந்நீரில் துவைக்கும்போது மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது, டிரம் சுற்றுவதற்குக் கொஞ்சம்தான். தினசரி உடைகளைப் பச்சைத் தண்ணீரில் போடுகிறோம். உடம்பு சரியில்லாதவரின் போர்வை மாதிரியான துணிக்கு மட்டும் வெந்நீர். டிரம் நிறையும்வரை காத்திருக்கிறோம். கொடியில் காயப் போடுகிறோம். சோப்புத் தூளைப் பாதியாகக் குறைத்தபோது துணியில் வித்தியாசமே தெரியவில்லை. நுரை மிச்சம் இருக்கிறதே என்று இன்னொரு முறை அலசிக்கொண்டிருந்தது நின்றது.

சமையலறையிலும் அதே கதைதான். தண்ணீர் கொதித்துவிட்டால் அப்புறம் தீயை எவ்வளவு கூட்டினாலும் அது 100 டிகிரியைத் தாண்டாது, ஆவிதான் அதிகமாகும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டால் வேகும் நேரம் மாறுவதில்லை. பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கம் போகிறது, அதனால்தான் சீக்கிரம் வேகிறது. விசில் வரத் தொடங்கியதும் அதிலும் தீயைக் குறைத்துவிடலாம். பயறு வகைகளை முதல் நாள் இரவே ஊற வைக்கிறோம். பாத்திரத்தின் அடியைத் தாண்டித் தீ மேலே ஏறினால் அது சுவரைத்தான் சூடாக்குகிறது. இவை எல்லாம் மாமியார் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தவைதான். நான் அவசரத்தில் கேட்காமல் இருந்தேன். எரிவாயு உருளை இப்போது எட்டு நாள் கூடுதலாக வருகிறது.

புதுப் பொருள் வாங்கி மிச்சம் பிடிப்பது பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கச் சொல்வேன். குறைந்த மின்சாரம் எடுக்கும் பிஎல்டிசி மின்விசிறிகள் நிஜமாகவே நல்லவை. பழையது 75 வாட்ஸ் எடுக்கும் இடத்தில் இவை 30 வாட்ஸ் சுமாருக்கு ஓடும். ஆனால் எந்த அறையில் மாட்டுகிறோம் என்பதில்தான் கணக்கு இருக்கிறது. எங்கள் கூடத்து விசிறி நாளுக்குப் பதினான்கு மணி நேரம் ஓடுகிறது, அங்கே மாற்றினால் மாதம் 19 யூனிட் மிச்சம். விருந்தினர் அறையில் ஓடுவது இரண்டு மணி நேரம்கூட இல்லை, அங்கே மாற்றினால் மூன்று யூனிட்டுக்கும் குறைவு. கூடத்திலும் படுக்கையறையிலும் மட்டும் மாற்றினோம். விருந்தினர் அறையில் பழையது சாகும்வரை ஓடட்டும். நன்றாக ஓடும் பொருளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தயாரிக்க வைப்பதற்கும் இரும்பு, செம்பு, மின்சாரம் எல்லாம் ஆகிறதே.

கணக்கு எளிது. மாதம் எத்தனை யூனிட் மிச்சமாகும் என்பதை உங்கள் யூனிட் விலையால் பெருக்குங்கள். பொருளின் விலையை அதனால் வகுத்தால் எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று வந்துவிடும். மூன்று வருடத்துக்குள் திரும்பினால் வாங்குவோம், இல்லையென்றால் பழுதாகும்வரை பொறுப்போம் என்று எங்களுக்குள் ஒரு முடிவு. இன்னொன்று, அந்தக் கால விசிறி ரெகுலேட்டர் பெரிய பெட்டியாக, தொட்டால் சூடாக இருந்தால் அதை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது மிச்சமாக வேண்டிய மின்சாரத்தை அது சூடாக்கி வீணடிக்கிறது.

ஏசி வைத்திருப்பவர்கள் 20-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதை விட்டு 26-இல் வைத்து விசிறியை மெதுவாக ஓட விட்டால் அதே சுகம் கிடைக்கும். வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவ வேண்டும். வெயில் கண்ணாடிக்கு உள்ளே வந்த பிறகு திரை போடுவதைவிட, ஜன்னலுக்கு வெளியே நிழல் கட்டுவது இன்னும் நன்றாக உதவும். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, நம் உடம்பு வியர்வையைத்தான் உலர்த்துகிறது. ஆள் எழுந்து போனால் அதற்கு அங்கே வேலையில்லை.

குழாய்களின் வாயில் திருகிப் பொருத்தும் சின்னச் சல்லடைகள் இருக்கின்றன, ஏரேட்டர் என்று கேட்டால் தருவார்கள். தண்ணீரோடு காற்றைக் கலந்து விடுவதால் கை கழுவும்போது குறைந்த மாதிரியே தெரியாது. கை கழுவும் தொட்டிக்கும் சமையலறைக்கும் போட்டோம். வாளி பிடிக்கும் குழாய்க்குப் போடவில்லை. அங்கே நமக்கு வேண்டியது இருபது லிட்டர் என்றால் இருபது லிட்டர்தான், சல்லடை போட்டால் காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் தண்ணீரையும் அளந்தோம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டரை லிட்டர் வெளியே போகிறது. குழாயை ஒரு வாளிக்குத் திருப்பி, தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துகிறோம். நல்ல எண்ணத்தோடு அதைச் செடிகளுக்கும் ஊற்றினேன். இரண்டு மாதத்தில் இலை நுனியெல்லாம் பழுப்பாகக் கருகின. அந்தத் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும், தொட்டி மண்ணில் அது சேர்ந்துகொண்டே போகும். செடிக்கு இப்போது காய்கறி கழுவிய தண்ணீரும், குளியலறையில் பிடித்த அந்த ஆறிய தண்ணீரும்தான். வாஷிங் மெஷினின் கடைசி அலசல் தண்ணீரை வாசல் கழுவ எடுத்துக்கொள்கிறோம். அதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், ஒரு நாள் வைத்தால் நாறும்.

சுத்தம் செய்யும் பொருள்களில் நிறைய மிச்சம் பிடிக்கலாம். வினிகரும் சமையல் சோடாவும் தனித்தனியாக நன்றாக வேலை செய்பவை. வினிகர் சுண்ணாம்புக் கறையைக் கரைக்கும், சோடா எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்தெடுக்கும். இரண்டையும் கலந்தால் பொங்கி நுரைக்கும், பார்க்க வேகமாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கிட்டத்தட்ட வெறும் தண்ணீராகிவிடும். பிளீச்சோடு மட்டும் வினிகரையோ எந்த அமிலத்தையோ ஒருநாளும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பழைய பனியன்களை வெட்டித் துடைக்கும் துணியாக்கியதில் காகிதத் துண்டு வாங்குவது அடியோடு நின்றது.

காய்கறிக் கழிவை மட்க வைக்க முதலில் எடுத்த முயற்சி தோற்றது. தொட்டியில் ஈரக் கழிவை மட்டும் போட்டுக்கொண்டே வந்தோம். பத்தே நாளில் நாற்றம், சின்னச் சின்ன ஈக்கள். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, “காஞ்ச சருகு போடாம எப்படிம்மா மக்கும்?” என்றார். அதுதான் குறை. ஈரமானது ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை, கிழித்த அட்டை மாதிரியானவை இரண்டு பங்கு போட வேண்டும். காற்றுப் போகத் தொட்டியில் ஓட்டை வேண்டும், வாரம் ஒரு முறை கிளற வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரப் பஞ்சு போல இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. மூன்று மாதத்தில் மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பாக உரம் கிடைத்தது. குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்து அழுகினால் இதே கழிவிலிருந்துதான் மீத்தேன் வருகிறது.

வீட்டில் யாரையும் நச்சரிக்காமல் இதெல்லாம் நடந்ததற்குக் காரணம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய ஒரே ஒரு தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் இரண்டு மீட்டரையும் படித்து அதில் எழுதுவாள். யார் தப்பு என்று அதில் எழுத மாட்டோம். ஒரு வாரம் எண் கூடினால் ஏன் என்று சாப்பிடும்போது பேசுவோம், விருந்தாளி வந்திருப்பார்கள், இல்லை மறுபடி எங்கேயோ கசியும். ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் வெயில் காலமும் குளிர்காலமும் கணக்கைக் குழப்பிவிடும். அப்படிப் பார்த்ததில் போன வருடம் 318 யூனிட் ஆன மாதத்தில் இந்த வருடம் 221. தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது, அதில் பெரும்பகுதி அந்த ரப்பர் மூடி ஒன்றால் வந்தது.

இப்போது கை வைத்திருப்பது ஃபிரிட்ஜில். உள்ளே 4 டிகிரி, உறைபெட்டி மைனஸ் 18, அதற்குக் கீழே போக வேண்டியதில்லை. பின்னால் இருந்த தூசியைத் துடைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். போன ஞாயிற்றுக்கிழமை கதவின் ஓரத்தில் ஒரு தாளை வைத்து மூடி, வெளியே இழுத்துப் பார்த்தோம். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் ரப்பர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மேலே, பக்கவாட்டில் எல்லாம் பிடித்தது. கீழ் மூலையில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் இலேசாகச் சூடு காட்டி ரப்பரை இழுத்துவிட்டுப் பார்த்தோம். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும் என்றார்கள், எங்களுடையது ஆகவில்லை, அந்த மூலையில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. கதவு ரப்பரை மட்டும் தனியாக வாங்கலாம் என்பதால் சொல்லி வைத்திருக்கிறோம், அடுத்த வாரம் வருகிறது. மாட்டியதும் அதே மூலையில் அதே தாளை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும் என்று மகள் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறாள்.